முவாபாவின் கோழி

சாம்பியாவில் எங்கள் கிராமத்து ஆஸ்பத்திரி வாசலில் கட்டணம் வாங்கியவர் கலுபா அப்பா. நான் அங்கே தரை துடைப்பவள். மூத்த பிள்ளையின் பெயரை வைத்துத்தான் எங்கள் ஊரில் பெரியவர்களைக் கூப்பிடுவோம். பிள்ளை செத்தாலும் அந்தப் பெயர் போகாது. கலுபா அப்பா நல்ல மனிதர்தான். என்ன செய்ய, சட்டம் பேசுகிற நல்ல மனிதர். மூவாயிரம் குவாச்சா பணம், இல்லையென்றால் ஒரு கோழி. இரண்டும் இல்லாவிட்டால் கேட் திறக்காது.

ஒரு மழைக்காலத்தில் முவாபா அம்மா, காய்ச்சலில் கிடந்த பிள்ளையை முதுகில் கட்டிக்கொண்டு வெறுங்கையோடு வந்தாள்.

"வீட்ல கோழி இருக்குல்ல? போய் எடுத்துட்டு வா," என்றார்.

போக இரண்டு மணி நேரம், வர இரண்டு மணி நேரம். மேய்கிற கோழியைத் துரத்திப் பிடிக்க வேறு. அவள் திரும்பி வந்ததும் அவர் கோழிக்குத்தான் முதலில் கை நீட்டினார். முதுகுத் துணிக்குள் முவாபா குளிர்ந்து போயிருந்தான். பாவி மனுஷன், நீட்டிய கையை மடக்கக்கூட அவருக்குத் தோன்றவில்லை. அவள் கோழியோடு அப்படியே திரும்பிப் போனாள். நானும் துடைப்பத்தோடு பார்த்துக்கொண்டுதானே நின்றேன்? எனக்கும்தான் வாய் இருந்தது.

அதற்குப் பிறகு கோழிக்கறி அவர் தொண்டையில் இறங்கவில்லை. சந்தையில் யாராவது "முவாபா அம்மா" என்று கூப்பிட்டால் பாதி பேரத்தில் எழுந்து போய்விடுவார்.

மூன்று வருடம் கழித்து, ஓர் ஏப்ரலில் ரேடியோ சொன்னது: சாம்பியாவின் கடனை வெளிநாட்டார் தள்ளுபடி செய்துவிட்டார்கள், கிராமத்து ஆஸ்பத்திரிகளில் இனிக் கட்டணம் இல்லை.

"நாம எப்போ கடன் வாங்கினோம்? எனக்கு ஒரு முழம் துணிகூட வந்து சேரலையே," என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. பணப்பெட்டியை உள்ளே வைத்துவிட்டு, கேட்டைத் திறந்துபோட்டு, பேர் எழுதும் நோட்டோடு உட்கார்ந்தார்.

ஊரே வந்தது. ஒரு வாரம் கழித்து அவளும் வந்தாள். முதுகில் அவளுடைய இளைய மகள் காய்ச்சலில் முனகினாள், கக்கத்தில் கோழி. திறந்த கேட்டுக்கு வெளியே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். கூப்பிடாமல் உள்ளே வரமாட்டாள். இவர் வாயைத் திறக்கிறார், மூடுகிறார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"கூப்பிட்டுத் தொலைங்க. இதுவும் போகணுமா?"

"முவாபா அம்மா," என்றார். "உள்ள வாங்க தாயி. காசும் வேணாம், கோழியும் வேணாம். எல்லாம் தள்ளுபடி ஆயிடுச்சு."

நர்ஸ் குழந்தையை வாங்கிப்போய் ஊசி போட்டாள். பிழைத்துவிடும் என்றாள். அதைக் கேட்ட பிறகு அவள் கோழியை அவர் மேசைக்காலில் கட்டினாள்.

"வேணாம்னு சொன்னேனேம்மா."

"இது இவளுக்கு இல்ல," என்றாள். கோபமே இல்லை அந்தக் குரலில். கோபப்பட்டிருந்தால் தேவலாம். "முவாபாவுக்கு. அன்னைக்கு நீங்க வாங்காம விட்டது. அவன் பேரை எழுதிக்குங்க."

எழுதினார். அன்றைக்கு நோட்டில் நாற்பத்தொரு பேர். நர்ஸ் பார்த்தது நாற்பது பேரை. மாலையில் அவள் முவாபாவின் பெயரில் விரலை வைத்து, இது யார் என்று கேட்டாள்.

"இந்தப் பையனை நான் இன்னும் உள்ள விடலம்மா," என்றார் கலுபா அப்பா.