பார்ச்சு அன்னிக்குக் கூட விழுந்த இலை

மொதல்லயே சொல்லிடறேன், எனக்குப் பேய், ஆவி, முனி, ஒரு மண்ணும் கெடையாது. சிங்கப்பூர் காலேஜ்ல சயின்ஸ் படிச்சவன். ஆஸ்டல் பாத்ரூம்ல பேய் இருக்குன்னு எல்லாவனும் வாளியத் தூக்கிக்கிட்டு கும்பலாப் போவானுங்க, நான் முன்னாடியே உள்ள போய் ஒளிஞ்சிக்கிட்டு பொம்பள கொரல்ல பாடி ரெண்டு பேருக்குக் காய்ச்சல் வர வெச்சவன். அதனால, பயந்தாங்கொள்ளி எதையோ பாத்துட்டு ஒளர்றான்னு நெனைக்காதீங்க. நெனச்சாலும் பரவால்ல, நடந்தது நடந்ததுதான்.

மலாயாவுக்கு மெர்டேக்கா, சுதந்திரம் ஆகி வந்த மொத பொங்கல் அது. நான் மலாக்காவுல ஒரு சர்க்கார் ஆபீஸ்ல சேந்து கொஞ்ச மாசம். ரோடு, வாய்க்கா, பாலம்னு வேல. எந்த ஆபீஸ்னு கேக்காதீங்க, சோறு போட்ட எடம். வெள்ளக்கார தொரைங்க ஒவ்வொருத்தனா பெட்டி கட்டிக்கிட்டு கப்பல் ஏறுன நேரம், எங்க தொரையும் போயிட்டாரு, அந்த சீட்ல வந்து உக்காந்தது யாருன்னா நம்ம தமிழரு, சிவநேசன். கித்தா, அதான் ரப்பர் தோட்டத்துல பால் வெட்டுனவங்க மவன். ஸ்காலர்ஷிப்ல சீமைக்குப் போயி இஞ்சினியராகி வந்தவரு. கல்யாணம் இல்ல. அப்பா அம்மா போயிட்டாங்க. தோட்டத்துல சொந்தக்காரங்க இருந்தாங்க, ஆனா அவரு காரு அவங்க லயத்து வீடுங்க பக்கம் வந்தாலே எல்லாரும் எந்திரிச்சி நின்னுக்குவாங்களாம், யாரும் உக்காந்து பேச மாட்டாங்களாம்.

மூணு வெள்ளக்காரன் பாத்த வேலய ஒத்த ஆளா பாத்தாரு மனுசன். காலைல செமாபோக்ல வாய்க்கா, மத்தியானம் மீட்டிங், சாயந்தரம் பள்ளிக்கூடத்துல பரிசளிப்பு, மாலை, போட்டோ. ஊர்ல எந்தக் கல்யாணத்துக்கும் மொத பத்திரிக்கை அவருக்குத்தான். நாங்கல்லாம் என்ன நெனச்சோம்? வாழ்ந்தா இவர மாதிரி வாழணும்டா, நிமிசத்துக்கு நிமிசம் ஆளுங்க சூழ்ந்துக்கிட்டு, அப்படின்னுதான்.

அவருகிட்ட ஒரு பழக்கம். நாங்க ஆபீஸ்ல கூடி நின்னு கத பேசிட்டு இருப்போம், அவரு வருவாரு, எல்லாரும் கப்சிப். உடனே தொண்டையச் செருமிட்டு, "கேரி ஆன், கேரி ஆன்"ம்பாரு. ஒருத்தனும் பேச மாட்டான். அவரும் கொஞ்ச நேரம் நின்னு பாத்துட்டு, சுவத்துல மாட்டியிருக்கிற ஸ்டேட் மேப்ப புதுசா பாக்கற மாதிரி பாத்துட்டு போயிடுவாரு. எங்க ஹெட் கிளார்க்கு பெரிய கிராணி அவரு மாதிரியே செருமிக் காட்டுவாரு, சிரிச்சி உருளுவோம். ஞாயித்துக்கெழமைல ஆபீஸுக்கு டெலிபோன் போட்டு, "டைம் என்னப்பா?"ன்னு கேப்பாராம். கைல ரிஸ்ட் வாட்ச் கட்டுன மனுசன். அதுக்கும் சிரிச்சோம்.

சரி, நான் எங்க தங்கியிருந்தேன்னா, காஜா பேராங்ல, செட்டிங்க குடியிருக்கிற கம்பத்துல. மலாக்கா செட்டிங்க நம்ம மாதிரிதான் சாமி கும்புடுவாங்க, திருநீறு பூசுவாங்க, ஆனா பேசறது மலாய். பல தலமொறைக்கு முன்னாடி வந்தவங்க. நான் ஒரு ரூம் எடுத்திருந்த வீட்டுக்காரரு நடராசா பிள்ளை, நான் மாமான்னுதான் கூப்புடுவேன், அவரு சம்சாரத்த மாமின்னு. அவங்க பேசுனத நான் இங்க தமிழ்ல சொல்றேன், அவ்வளவுதான். நல்ல சனங்க. மாமி தெனமும் பசியாறக் கூப்புடும். எனக்கு எங்க நேரம், பரீட்ச வேற எழுதிட்டிருந்தேன், தட்ட வாங்கிக்கிட்டு ரூமுக்குப் போயி புஸ்தகத்தப் பாத்துக்கிட்டே தின்னுடுவேன். நமக்கென்ன ஆளுங்களுக்கா பஞ்சம்.

செட்டிங்க பொங்கலுக்கு மொத நாளு, போகி அன்னிக்கி, 'பார்ச்சு'ன்னு ஒண்ணு வெப்பாங்க. செத்துப்போன பெரியவங்களுக்குப் படையல். ஹால்ல பாய் விரிச்சி, வரிசையா வாழை இலை போட்டு, அவங்கவங்களுக்குப் புடிச்சத சமைச்சி வெச்சி, சாம்பிராணி போட்டு, பேர் சொல்லி வாங்கன்னு கூப்புட்டுட்டு, வீட்ட விட்டு எல்லாரும் வெளிய வந்து கதவச் சாத்திடணும். அவங்க சாப்பிட்டு முடிக்கிற வரைக்கும் உள்ள போகக் கூடாது. அப்புறம் வீட்டுப் பெரியவரு கதவத் தட்டுவாரு. தட்டுனா, சாப்பிட்டவங்க கெளம்பிடுவாங்கன்னு அர்த்தம். அதுக்கப்புறம் அந்தச் சாப்பாட்ட நாம சாப்பிடலாம்.

அன்னிக்கு ஆபீஸ்ல சிவநேசன் சாரு இல்ல. முந்தின நாளும் இல்ல. பெரிய கிராணிய கேட்டா, "கோலாலம்பூர் மீட்டிங்கா இருக்கும், அவரு எப்போ ஒரு எடத்துல இருந்தாரு?"ன்னாரு. அதோட சரி. யாருக்கும் ஒண்ணும் தோணல.

வெயில் தாழ்ற நேரம் நான் வீட்டுக்கு வந்தப்போ மாமா அப்போதான் கதவச் சாத்துறாரு. என் ரூமு உள்ள, போக முடியாது, வேற வழியில்லாம அவங்களோட வாசப்படிலயே உக்காந்தேன். மாமி விரல மடக்கி மடக்கி என்னமோ கணக்குப் போட்டுக்கிட்டு இருந்துச்சு. திடீர்னு, "ஐயோ, ஒரு இலை கூடப் போட்டுட்டேன்"னுச்சு.

"எப்படிக் கூட விழும்?"ன்னாரு மாமா.

"விழுந்துருச்சு. சோறும் வெச்சிட்டேன்."

"உங்க அண்ணனுக்கு ரெண்டா வெச்சிருப்ப. உசிரோட இருந்தப்பவே அந்த ஆளுக்கு ஒண்ணு பத்தாது."

"எங்க அண்ணன் தின்னா உங்க வீட்டு அரிசியா கொறஞ்சிச்சு?"

நான் சிரிச்சிட்டேன். போயி ஒண்ண எடுத்துட்டா போச்சுன்னேன். மாமா என்ன ஒரு மாதிரி பாத்தாரு. "கூப்புட்டாச்சு. உக்காந்திருப்பாங்க. இனிமே யாருக்கு விழுந்துச்சோ அவங்க வந்து சாப்பிட்டுப் போவட்டும்."

அப்போதான் கேட்டுச்சு.

நம்பினா நம்புங்க. சாத்துன கதவுக்கு அந்தப் பக்கம், ஹால்ல, ஒருத்தர் தொண்டையச் செருமுனாரு. அப்புறம் தெளிவா, "கேரி ஆன், கேரி ஆன்."

எனக்கு மொதல்ல சிரிப்புதான் வந்துச்சு, பெரிய கிராணி வந்து வெளையாடறாரோன்னு. ஆனா அடுத்து நடந்தது வேற. அவரு அப்படிச் சொன்னா பேச்சு நின்னுடும்னு சொன்னேன்ல? நிக்கல. உள்ள பேச்சு இன்னும் கலகலன்னு ஆச்சு. வார்த்த புரியல, நெறைய பேரு, பந்தில உக்காந்து சாப்பிடறப்போ வருமே ஒரு சத்தம், அந்த மாதிரி. நடுவுல சிவநேசன் சாரு சிரிக்கிறாரு. அவரு சிரிச்சி நான் கேட்டதே இல்ல. ஆனா அவருதான்.

மாமி என் கைய இறுக்கிப் புடிச்சிருச்சு. மாமா என் பக்கம் திரும்பிக் கேட்டாரு.

"யாரு அது?"

"எங்க தொரை."

"செத்துட்டாரா?"

"இல்ல மாமா, கோலாலம்பூர்ல..." ரெண்டு நாளா யாருமே அவரப் பாக்கலன்னு அந்த நிமிசம்தான் எனக்கு ஒறச்சிச்சு.

மாமா எந்திரிச்சி கதவுக்குக் குறுக்கால நின்னுக்கிட்டாரு. "இன்னும் உசிரு இருக்கும். நான் தட்டுனா எல்லாரும் கெளம்பிடுவாங்க, அவரும் கூடப் போயிடுவாரு. நீ போயி அவர எழுப்புற வரைக்கும் நான் தட்ட மாட்டேன். எங்க ஆளுங்கள இப்படிக் காக்க வெச்சதே இல்ல, ஓடு."

மாமாவோட மோட்டர் சைக்கிள எடுத்துக்கிட்டு புக்கிட் பாருவுக்கு எப்படிப் போனேன்னு தெரியாது. மேட்டு மேல அவரு பங்களா. காரு போர்ட்டிகோவுலயே நிக்கிது. உள்ள ரேடியோ பாடிக்கிட்டே இருக்கு. கதவத் தட்டு தட்டுன்னு தட்டுறேன், பதில் இல்ல. சமையக்காரன் பொங்கலுக்கு ஊருக்குப் போயிட்டான் போல. குசினி சன்னல ஒடச்சி உள்ள குதிச்சேன்.

பெட்ரூம்ல தரைல கெடந்தாரு. ஒடம்பு கொதிக்குது. கண்ணு சொருகிக் கெடக்கு. ஆனா ஒதடு அசையுது, மூஞ்சில சிரிப்பு. யாருகிட்டயோ சுவாரசியமா பேசிட்டு இருக்கிற மூஞ்சி. சார்னு கூப்புட்டேன். உலுக்குனேன். மூஞ்சில தண்ணி அடிச்சேன். தொரைன்னேன், மிஸ்டர் சிவநேசன்னேன். ஒண்ணும் இல்ல. மூச்சு எடவெளி விட்டு எடவெளி விட்டு வருது. சயின்ஸ் படிச்ச கழுதைக்கு அழுகதான் வருது. கடைசில எப்படி வந்துச்சோ, நான் பொறந்த தோட்டத்துல கூப்புடற மாதிரி, "அண்ணே! எந்திரிங்கண்ணே! வீட்டுக்குப் போவலாம் வாங்கண்ணே!"ன்னு கத்துனேன்.

கண்ணத் தொறந்தாரு. எரிச்சலா பாத்தாரு. இங்கிலீசு இல்ல, சுத்தத் தோட்டத்துத் தமிழ்ல சொன்னாரு: "இர்றா. பேசிக்கிட்டு இருக்கேன்ல."

அவரு காருலயே போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனேன். நிமோனியா. இன்னும் கொஞ்சம் விட்டிருந்தா தாங்கியிருக்காதுன்னாரு டாக்டரு. ரெண்டு நாளா தரைல கெடந்திருக்காரு. ஆபீஸ்ல மீட்டிங்னு நெனச்சோம், கிளப்புல ஆபீஸ்னு நெனச்சாங்க, கோயில் கமிட்டில கிளப்புன்னு நெனச்சாங்க. அவ்வளவு பேருக்கு வேண்டிய மனுசன், எல்லாருமே அவரு வேற யாரு கூடவோ இருக்காருன்னு நெனச்சோம்.

திரும்பி வந்தப்போ கம்பத்துல எல்லா வீட்லயும் வெளக்கு ஏத்தியாச்சு, படையல் பிரிச்சி சாப்பிடறாங்க. எங்க வீடு மட்டும் இருட்டு. மாமா அதே மாதிரி கதவுல முதுக வெச்சி நிக்கிறாரு. கண்ணு முழிச்சிட்டாருன்னேன். அப்புறம்தான் திரும்பி, கதவுகிட்ட மெதுவா மன்னிப்பு கேட்டுட்டு, தட்டுனாரு.

உள்ள ஒண்ணும் இல்ல. இலைங்க வெச்சது வெச்சபடி. கடைசில கூட விழுந்த அந்த இலையும் அப்படியே. மாமி அத மட்டும் தனியா மூடி வெச்சிச்சு.

அடுத்த வாரம் அவருக்குப் பேச்சு வந்ததும் மாமா, மாமி, நான் மூணு பேரும் ஆஸ்பத்திரிக்குப் போனோம். மாமி அடுக்குச்சட்டில கஞ்சி கொண்டு வந்து, பக்கத்துல உக்காந்து ஊட்டாத கொறையா குடிக்க வெச்சிச்சு. இனிமே ஞாயித்துக்கெழமைன்னா எங்க வீட்டுக்குத்தான் வரணும், ஆமான்னு சொல்லாட்டி அடுத்த கரண்டி கெடையாதுன்னு மெரட்டுச்சு. அவரும் சொன்னாரு. சொன்ன மாதிரியே வரவும் செஞ்சாரு, மாத்தலாகிப் போற வரைக்கும்.

அவங்க ரெண்டு பேரும் வெளிய போனப்போ நான் சும்மா இருக்க முடியாம, சிரிச்சிக்கிட்டே, "அன்னிக்கு உங்களுக்குத்தாண்ணே ஒரு இலை கூட விழுந்துச்சு"ன்னேன்.

அவரு சிரிக்கல. "எனக்கு இலையே போடலடா"ன்னாரு. "நான் சாப்பிடல. சும்மா ஓரமா உக்காந்து எல்லாரு கூடவும் பேசிட்டு இருந்தேன். கடைசி இலை உன்னுது."

"நான் வெளியில இருந்தேன்"னேன்.

"இல்ல, நீதான். தலைய நிமித்தாம சாப்பிட்டுக்கிட்டே இருந்த. அங்க இருந்ததுல யாரு கூடவும் பேசாத ஆளு நீ ஒருத்தன்தான். ரெண்டு மூணு தடவ கூப்புட்டுப் பாத்தேன். உன்ன எழுப்ப யாராச்சும் வருவாங்களான்னு பாத்துக்கிட்டேதான் இருந்தேன்."

வெளிய மாமி வர்ற சத்தம் கேட்டுச்சு. அவரு என் கைமேல கை வெச்சி, மெதுவாக் கேட்டாரு: "யாராச்சும் வந்தாங்களாடா?"