ஸ்பீடு லிமிட்டை மாடு தின்ற கதை

போன மாதம் ஒரு திங்கட்கிழமை, நான் போகிற பஸ் மெதுவாகப் போனது.

இதில் என்ன அதிசயம் என்கிறீர்களா? விழுப்புரத்திலிருந்து திண்டிவனத்துக்குத் தினமும் ஆபீஸ் போகிற என்னைக் கேளுங்கள். டிரைவர் ஏழுமலைக்கு பிரேக் என்றாலே அலர்ஜி. பின்னால் வருகிற பஸ் முந்திவிட்டால் அடுத்த ஸ்டாப் டிக்கெட் எல்லாம் போச்சே என்ற கவலை அவருக்கு... வீடு போய்ச் சேருவோமா என்ற கவலை எனக்கு.

விக்கிரவாண்டி தாண்டி, ரோட்டை ஒட்டி ஓர் ஆரம்பப் பள்ளி. ஊர் பெயர் வேண்டாம். காரணம் பிறகு புரியும். பள்ளி ஒரு பக்கம், வீடுகள் மறுபக்கம். 'பள்ளிக்கூடம் — மெதுவாகச் செல்லவும்' என்று போர்டு இருக்கிறது. அதைப் பார்த்ததும் ஏழுமலை தவறாமல் ஒன்று செய்வார் — ஹாரனை அழுத்துவார். பிள்ளைகள் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு சிதறி ஓடும். நான் கண்ணை மூடிக்கொள்வேன். பொங்கல் சமயத்தில் அங்கே ஒரு நாய் அடிபட்டது. அடுத்தது யாரோ?

அதே இடத்தில்தான் பஸ் ஊர்ந்தது. எட்டிப் பார்த்தால், ரோடு முழுக்க உளுந்துச் செடி! பிடுங்கிய செடியை ரோட்டில் பரப்பிவிட்டு, போகிற வருகிற வண்டிகளை விட்டே மிதிக்க வைப்பது நம் பக்கத்து வழக்கம்தானே?

ஏழுமலையிடம் கேட்டேவிட்டேன். பிள்ளைகளுக்குப் பிடிக்காத பிரேக், செடிக்கு மட்டும் எப்படிப் பிடிக்கிறது?

“புள்ளைங்க வண்டியப் பாத்தா ஒதுங்கிக்கும் சார். செடி ஒதுங்குமா? ஷாப்டுல சுத்திக்கினா அடியில பூந்து அறுக்கறது யாரு?”



மறுநாள் லீவு போட்டுவிட்டு அங்கே இறங்கினேன். தலைமை ஆசிரியை ஜெயமேரி டீச்சர் விஷயத்தைச் சொன்னார். அந்த ஊர் விவசாயி கோவிந்தசாமி வழக்கமாகக் கொஞ்சம் தள்ளித்தான் உளுந்து போடுவாராம். அங்கே மட்டும் வண்டிகள் தவழ்வதை டீச்சர் கவனித்திருக்கிறார். பள்ளி வாசலிலேயே போடுங்கள், ஆடு கோழி வராமல் நான் பார்த்துக்கொள்கிறேன் என்று பேசிப் பேசி அழைத்து வந்துவிட்டார்.

“போர்டு வெச்சேன், கை காட்டினேன், கும்புட்டுக்கூடப் பாத்துட்டேன் சார். உளுந்துக்குத்தான் பயப்படறாங்க.”

ரோட்டில் செடி போடுவது தப்பில்லையா என்றேன். தப்புதான் என்றார். நாலு பிள்ளை பிழைத்தால் அந்தத் தப்பு தன் தலையிலேயே இருக்கட்டும் என்றார். ஊர் பெயரை நான் சொல்லாததற்குக் காரணம் புரிந்ததா?

உளுந்து முடிந்தது. டீச்சர் விடவில்லை. மிதிபட்ட செடியில் ஒரு கட்டு வாங்கித் தன் அறையிலேயே வைத்துக்கொண்டார். காலையில் மணி அடிக்கும் முன் ரோட்டில் பரப்புவார். பிள்ளைகள் வந்து சேர்ந்ததும் அள்ளிக்கொண்டு போய்விடுவார். சாயங்காலமும் அப்படியே. இன்ஸ்பெக்‌ஷனுக்கு வந்த அதிகாரி மேஜைக்குக் கீழே குனிந்து, இது என்னம்மா என்றாராம்.

“ஸ்பீடு லிமிட் சார்” என்றாராம் டீச்சர்.

எல்லாம் நன்றாகத்தான் போனது — இந்த வியாழக்கிழமை வரை. அன்று காலை பள்ளி நெருங்கும்போது பார்க்கிறேன்... கோவிந்தசாமியின் மாடு கயிற்றை அறுத்துக்கொண்டு வந்து, நடு ரோட்டில் நின்று, ஸ்பீடு லிமிட்டைத் தின்றுகொண்டிருக்கிறது! பாதிக்கு மேல் காலி.

போச்சு, இனி பழைய கதைதான் என்று கண்ணை மூடப் போனேன். பஸ் நின்றுவிட்டது. பின்னால் வந்த பஸ்ஸும், அதற்குப் பின்னால் லாரியும் நின்றன. ஹாரனுக்கு மாடு காதைக்கூட ஆட்டவில்லை. கடைசியில் ஏழுமலையே இறங்கிப் போய், “வாம்மா... கொஞ்சம் ஒதுங்கும்மா” என்று கெஞ்சினார். இத்தனை வருஷத்தில் அந்தக் குரலை நான் கேட்டதே இல்லை.

அதற்குள் பிள்ளைகள் எல்லாம் ஆற அமர ரோட்டைக் கடந்தன. ஒரு சிறுமி நடு ரோட்டில் நின்று, அவிழ்ந்த ரிப்பனைக் கட்டிக்கொண்டுதான் போனாள். முதல்முறையாக நான் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு பார்த்தேன், சந்தோஷமாக இருந்தது.

பள்ளி வாசலில் டீச்சர் கோவிந்தசாமியைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். மாட்டைத் திட்டத்தான் என்று நினைத்தேன்.

“நாளைக்கும் இதே நேரத்துக்கு அவுத்து உட்டுடுங்க” என்றார்.

நம் ரோட்டில் பிள்ளைகளுக்கு வழி கிடைக்க வேண்டுமென்றால், அவர்களுக்கும் கொம்பு முளைக்க வேண்டும் போலிருக்கிறது!