பதினொரு மில்லிமீட்டர் சஃப்ரின்

காலையில் ஆய்வகத்துக்கு வந்ததும் கிருமித் தட்டுகள் இருக்கும் இன்குபேட்டரைத் திறந்து, ஸ்கேலும் கையுமாக சஃப்ரின் முதலில் அளப்பது முத்துசெல்வியின் தட்டைத்தான். அடுத்தவள் எவ்வளவு ஜெயித்திருக்கிறாள் என்று தெரியாமல் அவளுக்கு டீ இறங்காது.

இருவரும் தென்காசிக் கல்லூரி ஒன்றில் வேதியியல் ஆராய்ச்சி செய்பவர்கள். அருமண் உலோகங்களை வேறு சேர்மங்களோடு பிணைத்துப் பொடியாக்குவார்கள். முத்துசெல்விக்கு யூரோப்பியம், சஃப்ரினுக்கு சமேரியம். பொடியைக் கரைத்துக் காகிதப் பொட்டில் ஏற்றி, பாக்டீரியா வளரும் தட்டில் வைத்தால், கிருமி செத்த இடம் வட்டமாகத் தெளியும். முத்துசெல்வியின் வட்டம் பத்தொன்பது மில்லிமீட்டர். சஃப்ரினுடையது பதினொன்று.

"அவ மருந்தக் கண்டா கிருமியெல்லாம் மரியாதையா ஒதுங்கி நிக்கி. எனக்குப் பக்கத்துலதான் வந்து குடித்தனம் நடத்துது" என்பாள்.

புற ஊதா விளக்கில் முத்துசெல்வியின் பொடி செக்கச்செவேலென்று மின்னும். சஃப்ரினின் பொடி மங்கிய ஆரஞ்சு. "அவளுது பெருநாளுக்கு சீரியல் செட்டு போட்ட மாதிரி இருக்கு. என்னது கல்யாணம் முடிஞ்ச மறுநாப் பந்தல்." இதைச் சொல்லிக்கொண்டே முத்துசெல்வியின் டப்பாவிலிருந்து பாதிப் புளிச்சோற்றைத் தின்றுவிடுவாள்.

ஜூலையில் ஒருநாள், சென்னைக் கருத்தரங்கில் இருவரில் ஒருவர் கட்டுரைக்குத்தான் இடம் என்றார் வழிகாட்டி சிவசைலம் சார். மறுநாள் பதினொரு மணிக்கு இருவர் முடிவுகளையும் பார்த்து முடிவு செய்வதாகச் சொன்னார்.

அன்று மாலை முத்துசெல்வி தன் அகச்சிவப்பு வரைபடத்தைக் கொண்டுவந்தாள். ஓரிடத்தில், தண்ணீர் இருப்பதைக் காட்டும் அகலமான மேடு. "தண்ணியும் மெட்டலோட சேந்திருக்குட்டி" என்றாள் பூரிப்பாக.

சஃப்ரினுக்குப் பார்த்ததும் விளங்கிவிட்டது. பொடியை பொட்டாசியம் புரோமைடு உப்போடு அரைத்து வில்லையாக அழுத்தித்தான் கருவியில் வைப்பார்கள். சாரல் நாளில் அந்த உப்பைக் காயவைக்காமல் எடுத்தால் காற்றின் ஈரத்தையெல்லாம் குடித்துவிடும்; மேடு அந்த ஈரத்தினுடையது. சார் ஒரே பார்வையில் தூக்கி எறிவார். பிறகு சென்னைக்குப் போக சஃப்ரினைத் தவிர ஆளில்லை.

"நல்லாருக்குட்டி" என்றாள் சஃப்ரின்.

மறுநாள் காலை ஏழரைக்கே அவள் ஆய்வகத்தில் இருந்தாள். உப்பைச் சூட்டடுப்பில் இரண்டு மணி நேரம் காயவைத்து, முத்துசெல்வியின் பொடியோடு அரைத்து, வில்லை போட்டு, ஈரம் அண்டாத, மூடியுள்ள கண்ணாடி டெசிக்கேட்டரில் வைத்தாள்.

"யாருக்குட்டி இது?" என்று கேட்டபடி வந்தாள் முத்துசெல்வி.

"உனக்குத்தான். அந்த மேடு மெட்டலு தந்ததில்ல, குத்தாலச் சாரல் தந்தது. நேத்தே தெரியும்."

"பெறவு ஏன் சொல்லல?"

"வயித்தெரிச்சல். போ, மிஷினு சும்மாத்தான் இருக்கு."

கருவி இருப்பது முற்றத்துக்கு அந்தப் பக்கக் கட்டடத்தில். சாரல் விடவில்லை. முத்துசெல்வி டெசிக்கேட்டரை மார்போடு அணைத்து நடந்தாள். கூடவே நடந்த சஃப்ரின், ஒரு தோள் முழுக்க நனைய, குடையை அந்தக் கண்ணாடி மூடிக்கு நேராகப் பிடித்துக்கொண்டு போனாள்.