உறைக்குக் கொஞ்சம் தயிர்

மாடி வீட்டில் தட்டு உருளும் சத்தம். பிறகு அந்தப் பெண்ணின் அழுகை. ஞாயிறு மதியம், போலீஸைக் கூப்பிடலாமா என்று போனைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறேன்.

அந்த உருளல் அடங்குவதற்குள் எனக்கு எட்டு வயதாகிவிடுகிறது. வடக்கே, கிட்வாய் நகர் அரசாங்கக் குவார்ட்டர்ஸ். கூலரின் ஈரமான வெட்டிவேர் வாசனையில் வீடே மிதக்கிறது. மேல்வீட்டு அங்கிள் மனைவியிடம் கத்தத் தொடங்கியதும் அப்பா ரேடியோவைக் கூட்டிவைப்பார்.

"போலீஸுக்குச் சொல்லிடலாமே?" என்பாள் அம்மா.

"ஒரே ஆபீஸ். நாளைக்கு அவர் மூஞ்சில எப்படி முழிக்கிறது?"

அம்மா என் கையில் கிண்ணத்தைத் திணிப்பாள். "உறைக்குத் தயிர் வேணும்னு கேளு, ஓடு."

எங்கள் வீட்டுத் தயிர் சமையலறையில் கெட்டியாகத் தோய்ந்திருக்கும். நான் கதவைத் தட்டியதும் மேலே எல்லாம் நின்றுபோகும். வளையல் கீறிய கையால் ஆன்ட்டி ஒரு கரண்டி தயிர் போட்டுவிட்டு, "கல் பீ ஆனா, பேட்டா" என்பாள். நாளைக்கும் வா.

கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போய்த் திரும்பினோம். ஆஸ்பத்திரிக்குப் போன ஆன்ட்டி வீடு திரும்பவேயில்லை என்றார் பால்காரர். அன்று முழுக்க அப்பா ரேடியோவைத் தொடவில்லை.

மேலே மறுபடி ஏதோ விழுகிறது. போலீஸுக்கு விலாசத்தைச் சொல்லிவிட்டு, ஒரு கிண்ணத்தை எடுத்துக்கொண்டு படியேறுகிறேன்.