ஒண்ணாதும் மாட்டேனும்

அந்த ஏழு மாடிக் கட்டடத்தில் லிஃப்ட் ஓட்டுகிறவரை எல்லோரும் 'ஒண்ணாவது அண்ணன்' என்றுதான் கூப்பிட்டார்கள். பெட்டி நிறைந்த பிறகும் யாராவது காலை வைத்தால், கையை நீட்டி, "ஒண்ணாதுங்க" என்பார். உள்ளே நிற்கும் புது ஆள் அதை 'ஒண்ணாவது' என்று காதில் வாங்கி, முதல் மாடி வந்துவிட்டதென்று மூன்றாம் மாடியில் இறங்கிப்போவார்.

"உங்க வாயில எல்லா மாடியும் ஒண்ணாவதுதான். மேல எதுக்குண்ணே ஆறு கட்டி வச்சிருக்காங்க?" என்று கணக்கர் சீண்டுவார். அவரும் சிரித்துக்கொள்வார்.

சொல் அவர் அம்மாவுடையது. அந்த வீட்டில் யாரும் 'மாட்டேன்' என்று வாயெடுக்கக் கூடாது. மனசு இல்லையென்றால் பேசாமல் இருக்க வேண்டும். மனசு இருந்தும் வழி இல்லாதபோது மட்டும் 'ஒண்ணாது'. அம்மா போன பிறகு அதைச் சொல்ல அவரும் அவர் அக்காவும்தான் மிச்சம். அந்த அக்கா அவரோடு பேசி ஒன்பது வருஷம் ஆகிறது.

ஒன்பது வருஷத்துக்கு முன் ஒரு காலையில், நாலாம் மாடிக்கும் அஞ்சாம் மாடிக்கும் நடுவே லிஃப்ட் நின்றுவிட்டது. உள்ளே அவரோடு ஒன்பது பேர். டெலிபோன் பார்க்கும் பெண் அப்போது வேலைக்குச் சேர்ந்து ஒரு வாரம். மாடி ஏறி ஓடிவந்து கதவிடுக்கில் கத்தினாள்.

"அண்ணே, உங்க அக்கா லைன்ல இருக்காங்க. மச்சான் தவறிட்டாராம். உடனே வர்றீங்களான்னு கேக்கறாங்க!"

"ஐயோ! இப்ப ஒண்ணாதும்மா!"

கதவைத் திறக்க மூன்று மணி நேரம் ஆயிற்று. பஸ் மாறி அவர் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. அக்கா வாசலை விட்டு நகரவில்லை.

"மாட்டேன்னு சொன்னவன் இப்ப எதுக்கு வந்தே?"

"நான் எப்பக்கா அப்படிச் சொன்னேன்?"

கதவு சாத்திக்கொண்டது. துக்கத்தில் அக்காவே வார்த்தையை மாற்றிக்கொண்டாள் என்று நினைத்தார். போட்ட கடிதங்கள் பிரிக்கப்படாமலே திரும்பி வந்தன. என்றைக்காவது கோபம் ஆறும் என்று காத்திருந்தார்.

போன வாரம், தப்பான மாடியில் இறங்கிய யாரோ புகார் எழுதிப்போட்டார். 'லிஃப்டில் தெளிவாகப் பேசவும்' என்று மேலாளர் அடிக்கச் சொன்ன தாளை அந்த டெலிபோன் பெண்தான் கொண்டுவந்தாள்.

"இத்தனை வருஷமா கேக்கணும்னு இருந்தேன். ஒண்ணாதுன்னா என்னதாண்ணே?"

"ஒன்று, ஒண்ணு ஆகலையா? அது மாதிரி ஒன்றாதுங்கறது ஒண்ணாது. கூடி வராதுன்னு அர்த்தம். ஆசையிருக்கும், முடியாது."

"மாட்டேன்னு இல்லையா?"

"சேச்சே! அது வேற."

"அன்னிக்கு உங்க அக்காகிட்ட, 'வரமாட்டாராம்'னு சொல்லிட்டேண்ணே. நீங்க சொன்னதை அப்படியே சொன்னா அவங்களுக்குப் புரியாதேன்னு… லிஃப்ட் நின்னதைச் சொல்றதுக்குள்ள வச்சுட்டாங்க."

உலகத்திலேயே அது புரிகிற ஒரே ஆள் அக்கா. அவருக்குக் கோபம்கூட வரவில்லை. "நம்பர் இருக்கு. நீயே போட்டுச் சொல்லும்மா" என்றார்.

மறுமுனையில் அக்கா மகள். டெலிபோன் பெண் திக்கித் திணறிச் சொல்லி முடித்ததும் ரிசீவரை இவரிடம் நீட்டினாள். முகம் செத்திருந்தது.

"மாமா… அம்மா போய் இருபது நாளாச்சு."

"எனக்கு ஏம்மா சொல்லல?"

"கடைசி வாரம் கேட்டேன் மாமா, உங்களைக் கூப்பிடட்டுமான்னு. கண்ணெல்லாம் தண்ணி. ஒண்ணாதுன்னுட்டாங்க. அவங்களே வேணாம்னதுக்கப்புறம் நான் எப்படி…"

"வேணாம்னா சொன்னா?"

"இல்ல, ஒண்ணாதுன்னுதான். ரெண்டும் ஒண்ணுதானே மாமா?"

"நாளைக்கு வர்றேன்மா" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார்.

லிஃப்ட் மணி விடாமல் அடித்தது. போய்க் கதவைத் திறந்தார். பெட்டி நிறைந்தும் கணக்கர் காலை உள்ளே வைத்து, "என்னண்ணே, ஒண்ணாவதா?" என்று சிரித்தார்.

அவர் வாய் திறந்தது. அந்தச் சொல் வரவில்லை. பெட்டியை விட்டு வெளியே வந்து, தான் நின்ற இடத்தைக் கணக்கருக்குக் காட்டினார்.