எரிமலைக் கல்லில் கேட்ட டேனிஷ்

ரீயூனியனுக்கு நான் ஊர் சுற்றிப் பார்க்கப் போகவில்லை. அது ஆபிரிக்காவுக்கு அங்கால், கடலுக்கு நடுவில் எரிமலை கக்கி உண்டான தீவு. பிரெஞ்சுக்காரன் பிடித்த இடம், இன்றைக்கும் பிரான்ஸ்தான். பாணும் பொலிசும் பாரிசில் பார்த்த மாதிரி, வெளியே கரும்பும் வாழையும். என் ஒரே மகள் கலியாணம் செய்து அங்கே போனவள், போன வருஷம் அங்கேயே வருத்தம் வந்து செத்துப்போனாள். அந்த நேரம் நான் நெஞ்சில் ஒப்பரேஷன் செய்து டென்மார்க்கில் ஆஸ்பத்திரியில் கிடந்தேன். முகம்கூடப் பார்க்கவில்லை. இனி எனக்கென்று இருப்பது அவளுடைய ஆறு வயது மகள். அந்தப் பிள்ளை என்னைத் தன்னுடைய ஆளாக அறிய வேண்டும். அதற்குத்தான் போனேன்.

மருமகன் நல்ல மனிதர். அவருடைய பூட்டன்மாரைக் கரும்புத் தோட்டத்துக்கென்று தமிழ்நாட்டிலிருந்து கப்பலேற்றிக் கொண்டுபோனார்களாம். பெயர் தமிழ், கோயில் இருக்கிறது, வாயில் பிரெஞ்சு, அது எனக்கு ஒரு சொல்லும் தெரியாது. பச்சைமிளகாயை இடித்துச் சோற்றுக்குப் பக்கத்தில் வைப்பார்கள், அந்த உறைப்பைச் சொல்லத் தொடங்கினால் கதை நீளும்.

நான் தமிழ்ப் படப்புத்தகம் கொண்டுபோயிருந்தேன். "இஞ்ச வா குஞ்சு" என்றால் பேத்தி தகப்பனின் காலுக்குப் பின்னால் ஒளிந்துவிடுவாள். இரண்டு மூன்று நாள் இப்படியே போனது. பிறகு மருமகன் எங்களைக் காரில் எரிமலை பார்க்கக் கொண்டுபோனார். வழியில் பசும்புல், மாடுகள், டென்மார்க் மாதிரிக் குளிர். மேலே போனால் ஒன்றுமில்லை, கறுத்த கல்தான். நான் சறுக்கி விழப்பார்த்தேன். வாயில் ஒரு டேனிஷ் தூஷணம் வந்துவிட்டது. டென்மார்க்கில் எங்கள் ஊர் ஹேர்னிங், அங்கே நான் வேலை செய்த துணி ஆலையில் நூல் அறும்போதெல்லாம் பக்கத்து மெஷின்காரன் சொல்லுவது. என்னுடைய டேனிஷ் முழுக்க அங்கே பொறுக்கியதுதான், டேனிஷ் பள்ளிக்கூடம் நான் கண்டதில்லை.

பேத்தி திரும்பி நின்று டேனிஷில் சொன்னாள்.

"அப்பிடிச் சொல்லக்கூடாது. அம்மா ஏசுவா."

அதே ஹேர்னிங் இழுவை. அப்படியே என் மகள்.

"நீ டேனிஷ் கதைப்பியோ?"

"ஓம். அம்மாவோட மட்டும்."

என் மகள் சின்னனில் தமிழில் கேட்டால் டேனிஷில்தான் பதில் சொல்வாள். அப்போது உயிரோடிருந்த தாய்க்காரி அகப்பையோடு நின்று, தமிழில் கேட்டால்தான் சோறு என்பாள். மகள் டேனிஷிலேயே இரண்டாம் தரமும் சோறு கேட்பாள். பெரியவளான பிறகு ஃபோனில் என்னோடு நல்ல தமிழ் கதைத்தாள். தன் பிள்ளையைக் கொஞ்சியது டேனிஷில் என்று எனக்குத் தெரியாது. அவள் போன பிறகு பிள்ளைக்கு அதைக் கதைக்க ஒருவரும் இல்லை.

அன்றிலிருந்து பேத்தி என்னை விடவில்லை. அம்மப்பா என்பதை டேனிஷில் மோர்ஃபார் என்பார்கள், அப்படித்தான் கூப்பிட்டாள். படுக்கப் போகும்போது, அம்மா மாதிரிச் சொல்லச் சொல்லிக் கேட்பாள். நல்லாய் நித்திரை கொள் என்று நான் டேனிஷில் சொன்னேன். கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, "அப்பிடியில்லை" என்றாள். திரும்பவும் சொன்னேன். அதுவும் இல்லை. என்னிடம் இருந்தது ஆலை டேனிஷ்தானே.

திரும்பி வந்த பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் வீடியோவில் கதைத்தோம். முதலில் பல் விழுந்தது, பூனை குட்டி போட்டது என்று நிறையச் சொன்னாள். போகப்போக நடுவில் பிரெஞ்சு வந்தது. போன ஞாயிறு, என்ன சாப்பிட்டாய் என்று டேனிஷில் கேட்டேன். என் முகத்தையே பார்த்தாள். பிறகு தகப்பனிடம் பிரெஞ்சில் ஏதோ கேட்டாள். நான் கேட்டது அவருக்கும் விளங்கவில்லை. எனக்கு ஒரு முத்தம் தந்துவிட்டு விளையாட ஓடினாள்.