பிரசவ வார்டுக்கு வந்த தீர்ப்பு

1. தேதி கேட்டு வந்த போன்கள்

ஹூஸ்டனுக்குத் தெற்கே, பேர்லேண்ட் பக்கத்து மருத்துவமனை ஒன்றில் பிரசவப் பிரிவு நர்ஸாக இருந்து ரிட்டயர் ஆனவள் நான். கடைசியாகப் பார்த்தது சார்ஜ் நர்ஸ் வேலை. எந்த அறைக்கு எந்த நர்ஸ், எந்தத் தாயை முதலில் ஆபரேஷன் தியேட்டருக்கு அனுப்புவது என்று ஒரு ஷிஃப்ட் முழுவதையும் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு. நிற்காத ரத்தப்போக்கு, மானிட்டரில் சட்டென்று இறங்கும் குழந்தையின் இதயத்துடிப்பு, இதெல்லாம் எனக்குப் பழகிய பயங்கள். கோர்ட்டை நினைத்து ஒரு வார்டே பயந்ததைக் கடைசி வருடத்தில்தான் பார்த்தேன்.

அந்த ஜனவரியில் புதிய அதிபர் பதவியேற்ற அன்றே ஓர் உத்தரவு போட்டார். தாய் தற்காலிக விசாவில் இருந்து, தகப்பனும் சிட்டிசனோ கிரீன் கார்டு உள்ளவரோ இல்லை என்றால், இங்கே பிறக்கும் குழந்தை சிட்டிசன் ஆகாது. முப்பது நாள் கழித்துப் பிறக்கும் குழந்தைகளிலிருந்து அது நடைமுறைக்கு வரும். இந்த மண்ணில் பிறந்தவர் இந்நாட்டுக் குடிமகன் என்று அரசியல் சாசனத்தின் பதினான்காவது திருத்தம் சொல்வதாகத்தான் எல்லோரும் நம்பியிருந்தோம். என் மகன் பிறந்தபோது நானும் தற்காலிக விசாவில்தான் இருந்தேன். அன்றைக்கு என்னிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை.

அந்த வாரமே வார்டு போன் அடிக்கத் தொடங்கியது. ஷாஹிதா என்ற பெயரையும் தமிழ் வாடை அடிக்கும் என் இங்கிலீஷையும் கேட்டதும் சிலர் தமிழுக்கு மாறிவிடுவார்கள்.

"சிஸ்டர், சி-செக்‌ஷனைக் கொஞ்சம் முன்னாடியே ஷெட்யூல் பண்ண முடியுமா?"

எத்தனை வாரம் என்று கேட்டால் முப்பத்துநாலு, முப்பத்தஞ்சு என்பார்கள்.

"பிள்ளைக்கு லங்ஸ் இன்னும் சரியா ரெடியாகியிருக்காதே தம்பி" என்றேன் ஒருவரிடம்.

"லங்ஸ் அப்புறம் ரெடியாயிடும் சிஸ்டர். சிட்டிசன்ஷிப் அப்புறம் வராதே" என்றார் அவர்.

எங்கள் டாக்டர் மார்த்தா எல்லோருக்கும் ஒரே பதில்தான் வைத்திருந்தார். மருத்துவக் காரணம் இல்லாமல் ஒரு குழந்தையையும் நாள் குறித்து வெளியே எடுக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார்.

நல்லவேளையாக ஃபெடரல் நீதிபதிகள் ஒருவர் பின் ஒருவராக அந்த உத்தரவை நாடு முழுவதற்கும் நிறுத்திவைத்தார்கள். போன்கள் ஓய்ந்தன. நாங்களும் மறந்துவிட்டோம்.

2. கவிதா மறைத்த தலைவலி

ஜூன் கடைசியில் உச்ச நீதிமன்றத்தின் தீர்ப்பு வந்தது. அதிபரின் உத்தரவு சாசனப்படி சரியா தவறா என்பதற்குள் அது போகவே இல்லை. வழக்குப் போட்டவர்களுக்கு நிவாரணம் கொடுக்கத் தேவையானதைத் தாண்டி, ஒரு கீழ் நீதிபதி நாடு முழுவதற்கும் தடை போடக் கூடாது என்று மட்டும் சொன்னது. மறுபடியும் முப்பது நாள் அவகாசம்.

வழக்குப் போட்டிருந்தவை அதிபரின் எதிர்க்கட்சி செல்வாக்கில் இருந்த மாநிலங்கள். நியூ ஜெர்சியும் கலிஃபோர்னியாவும் அந்தப் பக்கம் இருந்தன. எங்கள் டெக்ஸாஸ் இல்லை. நியூ ஜெர்சியில் பிறக்கும் பிள்ளை தப்பிக்கும், இங்கே பிறந்தால் மாட்டிக்கொள்ளும் என்று வாட்ஸ்அப் குரூப்களில் பேச்சு பரவியது. வக்கீல்களைக் கேட்டால் அவர்களுக்கே நிச்சயமில்லை. யார் எந்த மாநிலத்தில் ஓட்டு வாங்கினார்கள் என்பதைப் பொறுத்துப் பிறக்கப்போகும் குழந்தையின் நாடு மாறுமா? அன்றைக்கு எங்கள் பிரேக் ரூமில் யாரும் சாப்பிட்டு முடிக்கவில்லை.

அடுத்த வாரம் கவிதா ட்ரையாஜுக்கு வந்தாள். வரும் கர்ப்பிணிகளை முதலில் பரிசோதிக்கும் இடம் அது. ஈரோட்டுப் பக்கத்துப் பெண், முதல் பிரசவம், முப்பத்தொன்றாவது வாரம். கணவன் செந்தில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் H-1B என்ற தற்காலிக வேலை விசாவில் இருந்தான், அவளும் அதைச் சார்ந்த விசாவில்தான் வந்திருந்தாள். நியூ ஜெர்சியில், பிரிட்ஜ்வாட்டரில் இருக்கும் தன் அக்கா வீட்டுக்கு அவளைக் கூட்டிப்போய், பிரசவம் வரை அங்கேயே வைத்திருக்க டிக்கெட் போட்டிருந்தான். விமானத்தில் போகலாம் என்று டாக்டர் எழுதித் தர வேண்டும் என்பதற்காக க்ளினிக்குக்குப் போயிருக்கிறார்கள். அங்கே பிரஷர் அதிகமாக இருக்கவும் எங்களிடம் அனுப்பிவிட்டார்கள்.

நான் எடுத்தபோதும் பிரஷர் இறங்கவில்லை.

"டென்ஷன்லதானுங்க ஏறியிருக்கும்" என்றான் செந்தில். "நாலு நாளா நியூஸ் பாத்துப் பாத்து ரெண்டு பேருமே தூங்கலைங்க. மத்தபடி அவ நல்லா இருக்கறா."

"தலைவலி இருக்காம்மா?"

"இல்லைங்க ஆன்ட்டி."

"கண்ணுல பூச்சி பறக்குற மாதிரி? வலது விலாவுக்குக் கீழ வலி?"

"அதெல்லாம் ஒண்ணுமில்லைங்க."

கேட்கும்போதெல்லாம் அவள் என்னைப் பார்க்காமல் கணவனையே பார்த்தாள். வெளிச்சம் படாமல் கண்ணைச் சுருக்கிக்கொண்டு சொன்ன பதில்கள் அவை.

எங்கள் வார்டில் ஒரு வழக்கம் இருந்தது. வீட்டில் பயமில்லாமல் இருக்கிறீர்களா என்று ஒவ்வொரு கர்ப்பிணியிடமும் தனியாகக் கேட்க வேண்டும். கணவன் அடிக்கிறானா என்று தெரிந்துகொள்ள வைத்த கேள்வி. அதைச் சொல்லி செந்திலை வெளியே உட்காரச் சொன்னேன். கதவைச் சாத்தி, விளக்கைக் குறைத்தேன்.

"வீட்டுல உனக்குப் பயம் ஏதும் இருக்காம்மா?"

"எந்த வீட்டைக் கேக்கறீங்க ஆன்ட்டி?" என்றாள். சிரிக்கத்தான் பார்த்தாள், உதடு கோணிப்போய் அழுதுவிட்டாள்.

பிறகு எல்லாம் வந்தது. தலை மூன்று நாளாகப் பிளக்கிறது. பாத்ரூமில் நிற்கும்போது கண்ணுக்கு முன்னால் பொறி பறக்கிறது. விலாவுக்குக் கீழே யாரோ முழங்கையை வைத்து அழுத்துவது போல் வலி.

"இதைச் சொன்னா ஃப்ளைட் ஏற விடமாட்டீங்கல்ல? அதான் சொல்லலைங்க. அவருகிட்டயும் சொல்லலை. எம் பிள்ளை எந்த நாட்டுக்கும் இல்லாமப் போயிருச்சுன்னா அதுக்கு நாந்தானுங்களே காரணம்?"

இது ப்ரீஎக்லாம்ப்சியா. கர்ப்பத்தில் பிரஷர் ஏறி மூளை, ஈரல், சிறுநீரகம் எல்லாவற்றையும் தாக்கும். வலிப்பு எந்த நேரமும் வரலாம். ஆகாயத்தில் வந்தால் அவளைக் காப்பாற்ற அங்கே யாரும் இல்லை. அவள் கையைப் பிடித்துக்கொண்டே ஆளைக் கூப்பிடும் பெல்லை அழுத்தினேன்.

ரத்தப் பரிசோதனையில் ப்ளேட்லெட் இறங்கியிருந்தது. டாக்டர் மார்த்தா வந்து உடனே அட்மிட் என்றார். வலிப்பு வராமலிருக்க மெக்னீசியம் டிரிப், குழந்தையின் நுரையீரலுக்கு ஸ்டீராய்டு ஊசி. செந்தில் கட்டில் ஓரத்தில் நின்றபடி கேட்டுக்கொண்டிருந்தான்.

"ஃப்ளைட் வேண்டாமுங்க. ரோட்லயே மெதுவா டிரைவ் பண்ணிப் போயிடறனுங்க. நடுவுல நடுவுல ஹாஸ்பிடல் இருக்கற ஊராப் பாத்து நிறுத்திக்கறேன்" என்றான் என்னிடம்.

நான் அதை டாக்டரிடம் இங்கிலீஷில் சொல்வதற்குள் கவிதா எழுந்து உட்கார்ந்தாள்.

"நான் எங்கயும் வரலைங்க."

"கவி, கொஞ்சம் யோசிச்சுப் பாரு..."

"மூணு நாளா யோசிச்சாச்சு. அங்க போனா உசுரோட போவனான்னு தெரியலை. இங்க இருந்தா பிள்ளைக்குப் பேப்பர் கெடைக்குமான்னு தெரியலை. ரெண்டுக்கும் பயமாத்தான் இருக்குது. பேப்பருக்குச் சண்டை போடலாமுங்க. எனக்கு உசுரு போயிருச்சுன்னா யார்கிட்டப் போய்ச் சண்டை போடுவீங்க?"

செந்தில் போனை எடுத்து டிக்கெட்டைக் கேன்சல் பண்ணினான்.

3. கெடுவுக்கு முன்னால்

ஊசி வேலை செய்ய இரண்டு நாள் வேண்டும். அந்த இரண்டு நாளும் நாங்கள் எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு இருந்தோம். மெக்னீசியம் ஏறினால் உடம்பெல்லாம் தீயாகக் காந்தும், நாக்குக் குழறும். அடிக்கடி முழங்காலைத் தட்டி அனிச்சை அசைவு இருக்கிறதா என்று பார்த்தோம். செந்தில் மூலையில் உட்கார்ந்து போனில் தீர்ப்பின் பக்கங்களைப் படித்துக்கொண்டே இருந்தான். அவன் படித்தது சாஃப்ட்வேர்.

"ஆன்ட்டி, கிளாஸ் ஆக்‌ஷன்னா என்னங்க? அப்படிக் கேஸ் போட்டா டெக்ஸாஸுக்கும் தடை வருமாம்" என்பான். தெரியாது என்பேன். மறுபடி படிப்பான்.

மூன்றாம் நாள் காலை கவிதா, "ஆன்ட்டி, உங்க மூஞ்சி எனக்குப் பாதிதான் தெரியுது" என்றாள்.

பிரஷர் அளக்கும் மெஷின் காட்டிய எண்ணைப் பார்த்ததும் நான் டாக்டரைக் கூப்பிட்டபடியே கட்டிலைத் தள்ள ஆரம்பித்துவிட்டேன். தியேட்டர் வாசலில் செந்தில் என் கையைப் பற்றிக்கொண்டான். "ரெண்டு பேரும் வேணுமுங்க ஆன்ட்டி. ரெண்டு பேரும்" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தான்.

பெண் குழந்தை. அழவில்லை. பச்சிளங்குழந்தைகளின் தீவிர சிகிச்சைப் பிரிவான NICU-வின் டாக்டர் குழாய் வைத்து மூச்சுக் கொடுத்து எடுத்துப்போனார். கவிதாவுக்கு ரத்தம் ஏற்ற வேண்டியிருந்தது. வலிப்பு வரவில்லை. மறுநாள் மதியம் அவளுக்கு என் முகம் முழுதாகத் தெரிந்தது.

அன்று செந்தில் NICU கண்ணாடிக்கு வெளியே நின்றிருந்தான். உள்ளே அவன் மகள், இரண்டு உள்ளங்கையில் அடங்குகிற அளவில், வயர்களுக்கு நடுவில் கிடந்தாள். பக்கத்தில் போய் நின்றேன்.

"கெடு தேதிக்கு முன்னாடியே பொறந்துட்டா, பாத்தீங்களா" என்றான். "தீர்ப்பு வந்த அன்னிக்கு மனசுக்குள்ள வேண்டிக்கிட்டனுங்க. எப்படியாவது அந்தத் தேதிக்கு முன்னாடி பொறந்துரணும்னு. கேட்டதைச் சாமி குடுத்துருச்சு. இப்பிடிக் குடுத்துருச்சுங்க ஆன்ட்டி."

"உன் வேண்டுதல்ல பிரஷர் ஏறலை தம்பி. நஞ்சுக்கொடியில ஆரம்பிக்குற நோய் இது. நீ நியூஸே பாக்காம இருந்திருந்தாலும் வந்திருக்கும்."

அவன் தலையாட்டினான். நம்பவில்லை என்று தெரிந்தது.

குழந்தை தானாக மூச்சு விட ஆரம்பித்த சமயத்தில் வேறொரு மாநிலத்து நீதிபதி, பாதிக்கப்படக்கூடிய குழந்தைகள் அனைவரையும் ஒரே தரப்பாகச் சேர்த்து உத்தரவுக்குத் தடை போட்டார். கிளாஸ் ஆக்‌ஷன் என்றால் அதுதான். டெக்ஸாஸுக்கும் சேர்த்து. செந்தில்தான் வந்து சொன்னான். அவர்கள் மகளுக்கு அந்தத் தடை தேவைப்படவில்லை. வார்டில் மற்ற அறைகளில் இருந்தவர்களுக்குத் தேவைப்பட்டது.

"சந்தோஷம்தானே?" என்றேன்.

"எத்தனை நாளைக்குங்க ஆன்ட்டி? போன தடவையும் இப்படித்தானுங்களே சொன்னாங்க?"

இதை எழுதும்போதும், உத்தரவு சரியா தவறா என்ற மூலக் கேள்வி தீராமல் உச்ச நீதிமன்றத்தின் முன்னால் கிடக்கிறது. கர்ப்பிணிகள் இன்னமும் வார்டுக்குப் போன் பண்ணுகிறார்கள் என்று பழைய சிநேகிதிகள் சொல்கிறார்கள்.

குழந்தை ஆறு வாரம் கழித்து வீட்டுக்குப் போனாள். இப்போது பிடித்துக்கொண்டு நிற்கிறாளாம். பாஸ்போர்ட் வந்த அன்று கவிதா போன் பண்ணினாள். "இது செல்லுமுங்களா ஆன்ட்டி? பின்னால வந்து புடுங்கிக்க மாட்டாங்கல்ல?" என்று இரண்டு தடவை கேட்டாள். செல்லும் என்றேன். நான் நீதிபதி இல்லை. அவள் அன்று இராத்திரியாவது தூங்கட்டும் என்று சொன்னேன்.

புதிதாக ட்ரையாஜுக்கு வரும் நர்ஸ்களுக்குச் சொல்ல ஒரே ஒரு விஷயம் இருக்கிறது. சட்டத்துக்குப் பயந்தவள் உடம்பைப் பற்றிப் பொய் சொல்வாள். அவள் மேல் கோபப்படாதீர்கள். பிரஷர் பார்க்கும் பட்டையை அவள் கையில் சுற்றுவதற்கு முன்னால், பிரஷர் அதிகமாக இருந்தால் உனக்கு என்ன கைவிட்டுப் போகும் என்று கேளுங்கள். அதைச் சொல்லிவிட்டால் தலைவலியையும் சொல்லிவிடுவாள்.